கண் சாலையில், கை எங்கே?

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் இருக்கிறது மல்லாங்கிணறு. காரியாபட்டியில் அந்தச் சாலை மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலையைத் தொடுகிறது. அங்கிருந்து தெற்கே திரும்பி அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம் என்று கரிசல் காட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தால் தூத்துக்குடி வந்துவிடும். அங்கே சிலாநத்தம் சிப்காட் வளாகத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் மின்சாரக் கார் ஆலை கட்டியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறந்தார்கள். தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்; பிறகு 1,50,000 வரை உயர்த்தலாம் என்பது திட்டம். தீப்பெட்டி, பட்டாசு, அச்சு, பருப்பு, எண்ணெய் என்றே தொழிலை அறிந்திருந்த இந்த வட்டாரத்துக்குப் பக்கத்திலேயே கார் செய்யும் தொழிலும் வந்துவிட்டது.

அந்த ஆலையில் உருவாகும் விஎஃப் 6, விஎஃப் 7 கார்களின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு வெற்றிடம். ஸ்டீரிங்குக்குப் பின்னால் வேகமானி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. டேஷ்போர்டின் நடுவில் 12.9 அங்குலத் தொடுதிரை இருக்கிறது. காரின் வேகத்தை அந்தத் திரையில் பார்க்க வேண்டும். அல்லது, அந்த வசதி உள்ள கார் என்றால், முன்கண்ணாடியின் மேல் விழும் ஒளி எண்ணில் பார்க்க வேண்டும். ஏசி உட்படப் பல வேலைகளுக்குத் திரைதான் வாசல். இது வின்ஃபாஸ்டின் தனிப் பழக்கம் இல்லை. செங்கல்பட்டில் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கும் மஹிந்திரா 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகப்படுத்திய எக்ஸ்இவி 9இ காரில் 12.3 அங்குலத் திரைகள் மூன்று வரிசையாக நிற்கின்றன. டாடாவின் நெக்சான் 2023இல் புது முகம் பெற்றபோது அதன் ஏசி பொத்தான்களில் பெரும்பாலானவை வழுவழுப்பான தொடுபலகைக்குள் மறைந்துபோயின. காருக்குள் கைக்குத் தட்டுப்படும் பொருள்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகின்றன. இதனால் யாருக்கு லாபம், யாருக்கு ஆபத்து என்பதைப் பார்ப்போம்.

திரை புதிய சங்கதி இல்லை. அமெரிக்காவில் பியூக் ரிவியேரா 1986லேயே பச்சை நிறத் தொடுதிரையோடு வந்தது. ரேடியோவைச் சரிசெய்யக்கூடச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறது என்று வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள். சில ஆண்டுகளில் நிறுவனமே அதைக் கைவிட்டது. பிஎம்டபிள்யூ 2001இல் ஒரே குமிழைத் திருகித் திரையை ஆளும் முறையைக் கொண்டுவந்தது. 2012இல் டெஸ்லாவின் மாடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தபின் மற்றவர்களுக்கும் வழி திறந்தது. கைப்பேசி பழகிய வாங்குபவருக்குப் பெரிய திரை என்றாலே நவீனம். விற்பனையகத்தில் அதுதான் முதலில் பேசுகிறது.

ஆனால் கவர்ச்சியைவிடப் பெரிய காரணம் காசு. ஒரு பொத்தானுக்கு வார்ப்பு அச்சு வேண்டும், சுவிட்ச் வேண்டும், கம்பி வேண்டும், அதற்குள் சின்ன விளக்கு வேண்டும், ஆயிரக்கணக்கான முறை அழுத்தினாலும் தேயாது என்று சோதிக்க வேண்டும், பொருத்த ஆள் வேண்டும். வலப்புற ஸ்டீரிங் உள்ள நாட்டுக்கு ஒன்று, இடப்புறத்துக்கு வேறொன்று என்று இரண்டு வகையாகவும் செய்ய வேண்டும். திரையில் இதெல்லாம் படம். விலை குறைந்த மாடலில் ஒரு வசதியை மறைக்கவும், விலை கூடிய மாடலில் காட்டவும், கார் விற்றபின் இணையம் வழியே மாற்றவும் மென்பொருள் போதும். கார் வடிவமைத்து முடியும்வரை எது எங்கே இருக்க வேண்டும் என்று முடிவெடுக்காமலே தள்ளிப்போடலாம். பொத்தான் வைப்பவர் முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். திரை அந்த யோசனையை ஓட்டுநர் தலையில் கட்டிவிடுகிறது என்பதே என் முதல் குற்றச்சாட்டு.

இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சுவீடனின் வி பிலாகரே என்ற கார் இதழ் 2022இல் 12 கார்களை ஒரு பழைய விமான ஓடுதளத்தில் 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியது. ஓட்டுநர்களுக்குக் காரோடு பழக முன்கூட்டியே நேரம் கொடுத்தார்கள். பிறகு நான்கு வேலைகள். வெப்பத்தைக் கூட்டி, கண்ணாடி ஆவியை விலக்கும் காற்றைப் போடுவது. ரேடியோவைப் போட்டு ஒரு நிலையத்துக்கு மாற்றுவது. பயண அளவியைப் பூச்சியமாக்குவது. உள்விளக்கைக் குறைத்துத் திரையை அணைப்பது. பொத்தான்கள் மட்டுமே கொண்ட 2005ஆம் ஆண்டு வால்வோ வி70இல் நான்கையும் முடிக்க 10 விநாடி ஆனது. அதற்குள் கார் 306 மீட்டர் போயிருந்தது. கடைசி இடம் பிடித்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் கிட்டத்தட்ட 45 விநாடி, 1,372 மீட்டர். பதினேழு வயதான கார் முதலிடம். அதே போட்டியில் மலிவு விலை டாசியா சாண்டெரோவும் திரை கொண்ட வால்வோ சி40ம் 14 விநாடிக்குள் முடித்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திரை இருப்பதாலேயே கார் கெட்டுவிடுவதில்லை. எதைத் திரைக்குள் போட்டார்கள், எத்தனை படி ஆழத்தில் போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இன்னொரு ஆய்வு 2020இல் பிரிட்டனில் டிஆர்எல் ஆய்வகம் செய்தது. கைப்பேசியைக் கார்த் திரையோடு இணைத்து விரலால் இயக்கிய ஓட்டுநர்களின் எதிர்வினை நேரம் ஆப்பிள் கார்பிளேயில் 57 சதவீதமும் ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதமும் கூடியது. அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் எல்லைவரை மது அருந்தியவருக்குக் கூடுவது 12 சதவீதம்தான். ‘வாயால் சொன்னால் போதுமே’ என்பவர்களுக்கும் அதில் பதில் இருக்கிறது: குரல் கட்டளையில்கூட 30 சதவீதமும் அதற்கு மேலும் தாமதம் வந்தது. நம் ஊரில் குடித்துவிட்டு ஓட்டுபவரைப் பிடிக்க ஊதுகருவியோடு காவலர் நிற்கிறார். பாட்டு மாற்றுபவரைக் கேட்பார் இல்லை.

அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013இல் ஒரு வழிகாட்டு வரம்பு சொன்னது: ஓட்டும்போது செய்யும் எந்த வேலைக்கும் ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது, எல்லாப் பார்வைகளையும் கூட்டினாலும் 12 விநாடிக்குள் முடிய வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 விநாடி என்பது 44 மீட்டர். ஐரோப்பிய நெடுஞ்சாலையில் அந்த 44 மீட்டரில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. நம்முடைய நான்குவழிச் சாலையில் நடுத்திட்டின் இடைவெளியிலிருந்து ஒரு டிராக்டர் தலைநீட்டும். பின்விளக்கு இல்லாத டிரெய்லர் முன்னால் போகும். ‘ராங் சைடில்’ ஒரு பைக் வரும். கிடை திரும்பும் நேரமென்றால் ஆடுகள். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. இந்தியாவிலேயே அதிக எண்ணிக்கை அது. இறந்தவர்கள் 17,884 பேர். இதில் எத்தனை விபத்து திரையால் நேர்ந்தது என்று பிரித்துச் சொல்லும் கணக்கு அந்த அட்டவணையில் இல்லை. காவல் நிலையப் பதிவில் ‘அதிவேகம், அஜாக்கிரதை’ என்ற இரண்டு சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

கை பார்க்காமலே வேலை செய்யும் என்பதைச் சிவகாசிப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சரவெடிக்குச் சரம் பின்னுகிற பெண் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே பின்னுவார்; வெடியின் உருளையும் திரியின் சொரசொரப்பும் எங்கே என்று விரல் சொல்லும். ஸ்டீரிங் பிடித்தவரின் கையும் அப்படிப்பட்டதே. குமிழ் இருக்கும் இடம் மாறாது. அதற்கு ஒரு வடிவம் உண்டு. திருகினால் ‘டிக்’ என்று ஒரு தட்டு விரலுக்குத் திரும்பி வரும். இந்த மூன்றும் இருந்தால் கண்ணுக்கு வேலையில்லை. தொடுதிரையில் மூன்றும் இல்லை. பள்ளமான சாலையில் கார் குலுங்கும்போது விரல் ஒரு படத்தைக் குறிவைத்து நீளும், பக்கத்துப் படத்தில் போய் விழும். விழுந்தது சரியா என்று பார்க்க மறுபடியும் கண் போக வேண்டும். வியர்த்த விரலும் ஈர விரலும் திரையைக் குழப்பும் என்பது கைப்பேசி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அக்னி நட்சத்திரத்தில் இரண்டு மணிநேரம் வெயிலில் நின்ற காருக்குள் ஏறுபவரின் விரல் உலர்ந்தா இருக்கும்?

இந்தப் பாடத்தை விமானம் ஓட்டியவர்கள் உயிரைக் கொடுத்துக் கற்றார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் பி–17 குண்டுவீச்சு விமானங்களைத் தரையிறக்கிய விமானிகள், இறக்கை மடல் என்று நினைத்துச் சக்கரத்தை மடக்கும் லீவரை இழுத்துவிடுவது அடிக்கடி நடந்தது. இரண்டும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. விமானியைத் திட்டிக்கொண்டிருந்த இடத்தில் ஆல்போன்ஸ் சாபானிஸ் என்ற உளவியலாளர் லீவர்களைப் பார்த்தார். ஒன்றின் முனையில் ரப்பர்ச் சக்கரத்தையும் மற்றதில் ஆப்பு வடிவத்தையும் பொருத்தச் சொன்னார். தவறு நின்றது. இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது விதி.

இதற்கு நேர் எதிரான பாடம் நம் பக்கத்துக் கடலில் கிடைத்தது. 2017 ஆகஸ்ட் 21 அதிகாலையில், சிங்கப்பூர் நீரிணைக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலின் பாதையில் குறுக்கே திரும்பி அதனோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானும் இயந்திர விசையும் தொடுதிரைக்கு மாற்றப்பட்டிருந்த கப்பல் அது. கட்டுப்பாடு எந்த மேசையில் இருக்கிறது, இரண்டு இயந்திரங்களும் சேர்ந்து இயங்குகின்றனவா தனித்தனியாகவா என்பது கப்பலின் கட்டுப்பாட்டு மேடையில் நின்றவர்களுக்கே புரியவில்லை. பயிற்சிக் குறைவும் சேர்ந்துகொண்டது. தொடுதிரை வடிவமைப்பு தவறு நேரும் வாய்ப்பைக் கூட்டியது என்று விசாரணை அமைப்பு 2019இல் அறிக்கை தந்தது. அதே ஆண்டு, விசைக்கு மறுபடியும் கைப்பிடி லீவரே பொருத்தப்போவதாக அமெரிக்கக் கடற்படை அறிவித்தது.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு விஷயம். மேலைநாட்டு ஆய்வுகள் காரின் சொந்தக்காரரே அதை ஓட்டுவார் என்று எடுத்துக்கொள்கின்றன. தமிழ்நாட்டில் ஆக்டிங் டிரைவர் என்று ஒரு பெரிய வர்க்கம் இருக்கிறது. கார் வைத்திருப்பார்கள், நிரந்தர ஓட்டுநர் வைத்துக் கட்டுப்படியாகாது. திருச்செந்தூருக்கு, ராமேஸ்வரத்துக்கு, சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு என்று போகும்போது மட்டும் ஒருவரை நாள் கூலிக்கு அழைத்துக்கொள்வார்கள். நேற்று பழைய இன்னோவா, இன்று புது மின்சாரக் கார், நாளை ஸ்விஃப்ட். சாவியைக் கொடுத்துவிட்டுச் சொந்தக்காரர் பின்னிருக்கையில் சாய்ந்துவிடுவார். காரை அறிந்துகொள்ள ஆக்டிங் டிரைவருக்குக் கிடைப்பது தெருமுனைவரை ஓட்டும் நேரம்தான்.

பொத்தான் உள்ள காரில் அது போதும். மாருதியில் வலப்புறம் இருக்கும் இண்டிகேட்டர் லீவர் ஃபோக்ஸ்வாகனில் இடப்புறம் இருக்கும். மாறி ஓட்டுபவர் முதல் திருப்பத்தில் வைப்பரைப் போட்டுவிடுவார். வறண்ட கண்ணாடியில் அது கீச்சிடும். சிரித்துக்கொண்டே மறு லீவரைத் தட்டுவார். தவறு உடனே தெரிகிறது, மூன்றாவது திருப்பத்தில் கை பழகிவிடுகிறது. திரையில் அப்படி இல்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பட்டியல், அதற்குள் இன்னொரு பட்டியல், பெரும்பாலும் ஆங்கிலத்தில். மென்பொருள் புதுப்பித்தால் சென்ற மாதம் பார்த்த இடத்தில் இன்று இருக்காது. ஐப்பசி அடைமழையில், ஐந்து பேர் மூச்சுவிடும் காருக்குள் கண்ணாடியில் ஆவி படிகிறது. காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்ப வேண்டும். விசிறி போன்ற கோடுபோட்ட பொத்தான் என்றால் எழுத்துத் தெரியாதவரும் அழுத்திவிடுவார், அந்தச் சின்னம் உலகம் முழுக்க ஒன்று. திரைக்குள் தேட வேண்டும் என்றால் ‘சார், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க’ என்று பின்னால் திரும்புவார். அந்த ஒரு திரும்பலே போதும். தமிழில் சொன்னால் கேட்டுக்கொள்ளும் கார்களும் வந்துவிட்டன என்பது உண்மை. மழைச் சத்தத்தில், குழந்தை அழுகையில், நம் வட்டாரப் பேச்சில் அது எந்த அளவுக்குக் கேட்டுக்கொள்ளும் என்பதை ஓட்டுபவர்களிடமே விட்டுவிடுகிறேன்.

அபாய விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மவர்கள் சந்திப்பில் நேராகப் போக டபுள் இண்டிகேட்டர் போடுவார்கள். மழை பெய்தாலும் போடுவார்கள். அது தவறான பழக்கம், பின்னால் வருபவரைக் குழப்பும். ஆனால் அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

திரைக்கும் ஒரு நியாயம் உண்டு. பின்பக்கக் கேமராவைப் பொத்தானில் காட்ட முடியாது. வரைபடம் காகிதத்தில் இருந்த காலத்துக்கு யாரும் திரும்பப் போவதில்லை. மின்சாரக் காரில் எத்தனை கிலோமீட்டர் மிச்சம், சார்ஜ் நிலையம் எங்கே என்பதற்குத் திரை வேண்டும். இருக்கையை ஒருமுறை சரிசெய்வது, கடிகாரம் திருத்துவது, புளூடூத் இணைப்பது போன்றவையெல்லாம் வண்டி நிற்கும்போது செய்பவை. திரைக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் கவலையில்லை. பொத்தான் கட்சிக்காரர்கள் மறக்கும் இன்னொன்று: பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய சில சொகுசுக் கார்களில் நடுப்பலகை முழுக்க ஒரே அளவுப் பொத்தான்கள் மொய்த்துக் கிடந்தன. ஒரே வடிவில் நாற்பது பொத்தான் இருந்தால் அதையும் கண்ணால்தான் தேட வேண்டும். ஆக, ஓடும் காரில் சட்டென்று செய்ய வேண்டிய வேலை எதுவோ அதற்கு மட்டும் கைக்குத் தட்டுப்படும் உறுப்பு இருந்தால் போதும். பழைய அம்பாசிடரில் டிம், பிரைட் மாற்றும் சுவிட்ச் இடது காலுக்கு எட்டும்படி தரையில் இருந்தது. கைகூட வேண்டியிருக்கவில்லை. அதைச் செய்தவர்கள் தேவையை அறிந்திருந்தார்கள்.

விற்பனையகத்தில் யாரும் பேசாத ஒன்று காரின் ஆயுள். 2021இல் அமெரிக்காவில் டெஸ்லா சுமார் 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. திரையை இயக்கும் நினைவகச் சில்லு எழுதி எழுதித் தேய்ந்து, ஐந்தாறு ஆண்டுகளில் செயலிழந்தது. திரை போனபோது பின்பக்கக் கேமராவும், கண்ணாடி ஆவியை நீக்கும் வசதியும் சேர்ந்து போயின. நம் ஊரில் ஒரு கார் மூன்று கை மாறும். நகரத்தில் ஐந்தாண்டு ஓடியது சிறு நகரத்துக்கு வரும், அங்கே ஐந்தாண்டு ஓடிக் கிராமத்துக்கு டாக்சியாகப் போகும். உடைந்த ஏசிக் குமிழை ஊர் மெக்கானிக் பழைய சாமான் கடையில் எடுத்து மாட்டிவிடுவார். மென்பொருள் ஆதரவு நிறுத்தப்பட்ட திரையை அவர் என்ன செய்வார்? காரின் எல்லா வேலையும் ஒரு திரைக்குள் இருந்தால் அந்தத் திரையின் விலைதான் பழைய காரின் தலையெழுத்து.

காற்று இப்போது திரும்பத் தொடங்கியிருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் தன் கார்களில் வைத்த, இரவில் விளக்குக்கூட எரியாத தொடுபட்டைகளுக்காக வாடிக்கையாளர்களிடம் வாங்கிக்கட்டிக்கொண்டது. ஒலி, இருபக்க வெப்பம், விசிறி, அபாய விளக்கு ஆகியவற்றுக்கு இனி எல்லாக் கார்களிலும் நிஜப் பொத்தான் இருக்கும் என்று அதன் வடிவமைப்புத் தலைவர் ஆந்திரியாஸ் மின்ட் 2025இல் அறிவித்தார். ஸ்ரீபெரும்புதூரில் 1998 முதல் கார் செய்யும் ஹூண்டாயும், அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டுக் கேட்டபோது அவசரத்தில் தொடுதிரை எரிச்சலூட்டுகிறது என்றார்கள் எனச் சொல்லி, குமிழ்களின் பக்கம் சாய்ந்தது. மஹிந்திராவின் தார் ராக்ஸ் ஏசிக்கு இன்றும் பொத்தான் வைத்திருக்கிறது. ஒரே நிறுவனத்துக்கு இரண்டு வழியும் தெரியும் என்பதே அதன் பொருள். ஜெர்மனியில் நீதிமன்றமும் பேசிவிட்டது. மழையில் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்றப்போய்ச் சாலையை விட்டு விலகி மோதியவருக்கு, கார்ல்ஸ்ரூ உயர் நீதிமன்றம் 2020இல் 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டுநர் தடையையும் உறுதிசெய்தது. காரோடு பிறந்த திரையும் கைப்பேசியைப் போன்ற மின்னணுக் கருவியே என்பது அதன் வாதம். தீர்ப்பு சரி, ஆனால் வைப்பரைத் திரைக்குள் வைத்தவருக்கு அபராதம் இல்லை.

அந்த இடைவெளியைத்தான் ஐரோப்பாவின் யூரோ என்கேப் மதிப்பீட்டு அமைப்பு அடைக்கப் பார்க்கிறது. 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர உதவி அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனி உறுப்பு இல்லாத கார் மதிப்பெண் இழக்கும். சட்டம் இல்லை, நட்சத்திரம்தான். ஆனால் ஐந்து நட்சத்திரம் இல்லாமல் அங்கே காரை விளம்பரப்படுத்துவது கடினம், ஆகவே நிறுவனங்கள் வழிக்கு வரும்.

இந்தியாவில் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் மத்திய அரசின் உலகத் தரமான வாகன ஆராய்ச்சி மையம் நிற்கிறது. ஆனால் 2023 விதிகள் மோதியபின் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதையே பெரும்பாலும் அளக்கின்றன. மோதுவதற்கு முன் ஓட்டுநரின் கண் எங்கே இருந்தது என்பதற்கு அதில் மதிப்பெண் இல்லை. அடுத்த பதிப்புக்கான வரைவு 2025இல் சுற்றுக்கு வந்தது. ஐரோப்பாவின் ஐந்தோடு, நம் மழைக்கும் புழுக்கத்துக்கும் ஏற்றபடி முன்கண்ணாடி ஆவி நீக்கும் பொத்தானையும், இரவுச் சாலைக்கு டிம், பிரைட் மாற்றும் லீவரையும் சேர்த்து ஏழாகக் கேட்க வேண்டும். செலவு பெரிதில்லை, திரைக்கு ஓர் அங்குலம் குறைத்தாலே ஈடாகிவிடும் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டு அரசு ஆலைகளுக்கு நிலமும் சலுகையும் தரும்போது வேலைவாய்ப்பைக் கேட்கிறது, சரி. இந்த மண்ணின் சாலையில் ஓடப்போகும் காரின் உள்ளமைப்பைப் பற்றி ஒரு கேள்வி கேட்டாலும் தப்பில்லை.

அதுவரை கார் வாங்கப் போகிறவர்கள் ஒன்று செய்யலாம். விற்பனையாளர் திரையின் அங்குலத்தைச் சொல்லத் தொடங்கும்போது, காரை இயக்கி நிறுத்திவைக்கச் சொல்லி, எதிர்ச் சுவரை விட்டுக் கண்ணை எடுக்காமல் இந்த வேலைகளைச் செய்து பாருங்கள்: வைப்பரின் வேகத்தைக் கூட்டுங்கள், முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்புங்கள், பாட்டின் ஒலியைக் குறையுங்கள், அபாய விளக்கைப் போடுங்கள், முகப்பு விளக்கை டிம்முக்கு மாற்றுங்கள். உங்களுக்கு ஆக்டிங் டிரைவராக வருகிறவரையும் அழைத்துப்போய் உட்கார வையுங்கள். ஒன்றுக்காவது திரையைப் பார்க்க வேண்டியிருந்தால் அந்த மாடல் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள்.